தட்டைத் தாளில் எத்தனை மாறிகள் அமரும்?

எட்டாம் வகுப்புப் புள்ளியியலில் வட்ட விளக்கப்படமும் நிகழ்வு செவ்வகமும் வருகின்றன. ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் வருகிறது. பதினொன்றாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் படிப்போர் ஓபன் ஆபிஸ் கால்க் என்னும் அட்டவணைச் செயலியைக் கற்கின்றனர். இவை மூன்றும் பெரும்பாலும் தனித்தனிப் பாடங்களாகவே நின்றுவிடுகின்றன. ஒரே மேசையில் மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். தாளுக்கு நீளம், அகலம் என இரண்டே பரிமாணங்கள். கணினித் திரைக்கும் அப்படித்தான். ஆனால் ஒரு மாணவரைப் பற்றியோ ஒரு மாவட்டத்தைப் பற்றியோ நாம் அறிய வேண்டிய செய்திகள் நான்கைந்து மாறிகளாக இருக்கின்றன. அத்தனையையும் தட்டையான ஒரே படத்தில் காட்ட முடியுமா?

முடியும். அதற்கு எந்தச் சிறப்பு மென்பொருளும் தேவையில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருக்கும் அட்டவணைச் செயலி போதும். அதுவும் இல்லையென்றால் வரைபடத்தாளும் வண்ணப் பென்சிலும் போதும்.

கேள்வி கணித ஆர்வத்தால் மட்டும் வந்ததன்று. நான் பணியாற்றுவது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை அடிவாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். சமவெளிக் கிராமத்துப் பிள்ளைகளும் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் அமர்கின்றனர். வருகைப்பதிவைக் குடியிருப்பு வாரியாகப் பட்டை வரைபடமாக வரைந்தால் மலைக் குடியிருப்புகளின் பட்டைகள் குட்டையாக நிற்கும். பார்ப்பவர் வாயிலிருந்து வரும் முதல் சொல், "மலைப் பிள்ளைங்க ஒழுங்கா வரமாட்டாங்க." வரைபடத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒரே ஒரு மாறியைத்தான் பேசியது. மீதியைப் பார்ப்பவரின் மனம் தானாக இட்டு நிரப்பிக்கொண்டது. அந்த இடத்தை நாம் தரவால் நிரப்பாவிட்டால் வேறு ஏதாவது வந்து நிரப்பிவிடும்.

கண் எதை எளிதாகப் படிக்கிறது?

ஒரு புள்ளியைத் தாளில் வைக்கும்போதே இரண்டு மாறிகள் அமர்ந்துவிடுகின்றன: கிடைமட்ட அச்சில் ஒன்று, செங்குத்து அச்சில் ஒன்று. அந்தப் புள்ளியைச் சிறிதாகவோ பெரிதாகவோ போட்டால் மூன்றாவது மாறி. நிறம் கொடுத்தால் நான்காவது. வட்டம், சதுரம், முக்கோணம் என்று வடிவத்தை மாற்றினால் ஐந்தாவது. புள்ளிகளைக் கால வரிசைப்படி கோட்டால் இணைத்தால் காலமும் உள்ளே வந்துவிடும். பிரான்சு நாட்டு நிலப்படவியலாளர் ஜாக் பெர்தான் 1967-இல் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் முறையாக வகைப்படுத்தி, காட்சி மாறிகள் என்று பெயரிட்டார்.

எல்லாக் காட்சி மாறிகளும் ஒரே வலிமை உடையவை அல்ல. அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் இதைச் சோதனை செய்து பார்த்தார்கள். ஒரே அளவுகோலின் மீது அமைந்த இரு புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில்தான் மனிதக் கண் மிகக் குறைவாகத் தவறுகிறது. நீளத்தை ஒப்பிடுவது அதற்கு அடுத்தபடி. கோணம், பரப்பு என்று போகப்போகப் பிழை கூடுகிறது. நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து அளவைச் சொல்வது இன்னும் கடினம். வட்ட விளக்கப்படத்தில் 23 விழுக்காட்டுத் துண்டையும் 26 விழுக்காட்டுத் துண்டையும் எண் எழுதாமல் காட்டி, எது பெரியது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அதே இரண்டையும் பட்டைகளாக வரைந்து கேளுங்கள். ஐந்து நிமிடச் செயல்பாடுதான். மாணவர்கள் இந்த வேறுபாட்டைத் தாங்களே கண்டுவிடுவார்கள்.

இதிலிருந்து வேலைக்கு உதவும் வழி ஒன்று கிடைக்கிறது. எந்த இரண்டு மாறிகளைத் துல்லியமாக ஒப்பிட வேண்டுமோ அவற்றை இரண்டு அச்சுகளில் வைக்க வேண்டும். 'கூடுதலா, குறைவா' என்று தெரிந்தால் போதும் என்கிற மாறியை வட்டத்தின் அளவுக்குக் கொடுக்கலாம். ஆம் அல்லது இல்லை, கடற்கரை அல்லது உள்நாடு போன்ற வகைகளை நிறத்துக்கோ வடிவத்துக்கோ கொடுக்கலாம். நிறத்துக்கு ஐந்து வகைகளுக்கு மேல் கொடுத்தால் பார்ப்பவர் பக்கத்தில் உள்ள குறிவிளக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். படத்தைப் பார்க்க மாட்டார்.

கணினிக்கு முன்பே

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்து காட்டியவர் சார்ல் ஜோசப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1812-இல் நெப்போலியன் ரஷ்யாவின் மீது படையெடுத்ததை 1869-இல் அவர் ஒரே தாளில் வரைந்தார். படை சென்ற வழி ஒரு பட்டையாக ஓடுகிறது. பட்டையின் அகலமே வீரர்களின் எண்ணிக்கை: ஒரு மில்லிமீட்டருக்கு 10,000 பேர். எல்லையில் 4,22,000 பேராகத் தொடங்கும் பட்டை மாஸ்கோவை அடையும்போது 1,00,000 ஆகச் சுருங்குகிறது. திரும்பும் வழியைக் கறுப்பில் வரைந்திருக்கிறார். அது முடியுமிடத்தில் 10,000 பேர். படத்தின் அடியில், திரும்பி வந்த நாள்களின் வெப்பநிலை ஒரு கோடாக இறங்கி ஓடுகிறது. இடத்தைக் குறிக்கும் இரண்டு அளவுகள், படையின் எண்ணிக்கை, சென்ற திசை, வெப்பநிலை, தேதி என ஆறு மாறிகள் ஒரு தாளில் அமர்ந்துவிட்டன. வரலாற்றுப் பாடத்தில் நெப்போலியனைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் படத்தை ஒருமுறை திரையிடலாம். மாணவர்களுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

நம் காலத்தில் இதைப் பரவலாக்கியவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங். 2005-இல் தம் மகனுடனும் மருமகளுடனும் சேர்ந்து கேப்மைண்டர் என்ற அமைப்பைத் தொடங்கினார். கிடைமட்டத்தில் தனிநபர் வருமானம், செங்குத்தில் சராசரி ஆயுட்காலம், வட்டத்தின் பரப்பில் மக்கள்தொகை, நிறத்தில் கண்டம். ஆண்டுகள் நகர நகர வட்டங்களும் நகரும். ஐந்து மாறிகளை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டு வருணனையாளரைப் போல அவர் பேசுவார். அந்தப் படத்துக்கு அட்டவணைச் செயலியில் உள்ள பெயர்தான் குமிழி வரைபடம்.

எட்டு மாவட்டங்கள், நான்கு மாறிகள்

வகுப்பறையில் தொடங்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வசதியானது. எட்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் எழுத்தறிவு விழுக்காடு, 1000 ஆண்களுக்குப் பெண்களின் எண்ணிக்கை, மக்கள்தொகை (இலட்சத்தில்) என்ற வரிசையில் எண்கள் உள்ளன. எழுத்தறிவை முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறேன்.

சென்னை: 90, 989, 46.5
சேலம்: 73, 954, 34.8
விழுப்புரம்: 72, 987, 34.6
கோயம்புத்தூர்: 84, 1000, 34.6
தஞ்சாவூர்: 83, 1035, 24.1
கன்னியாகுமரி: 92, 1019, 18.7
தருமபுரி: 69, 946, 15.1
நீலகிரி: 85, 1042, 7.4

எழுத்தறிவைக் கிடைமட்டத்திலும் பாலின விகிதத்தைச் செங்குத்திலும் வைத்துச் சிதறல் வரைபடம் அமைக்கச் சொல்லுங்கள். அச்சு 0-இல் தொடங்கினால் எட்டுப் புள்ளிகளும் வலது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கிடைமட்டத்தை 65 முதல் 95 வரையும், செங்குத்தை 930 முதல் 1050 வரையும் அமைக்க வேண்டும். "பட்டை வரைபடம் 0-இல் தொடங்க வேண்டும் என்று சொன்னீர்களே" என்று கேட்கும் மாணவர் இருந்தால் அந்த வகுப்பு நல்ல வகுப்பு. பட்டையில் நீளம்தான் அளவைச் சொல்கிறது. அடியை வெட்டினால் அளவே பொய்யாகிவிடும். சிதறல் வரைபடத்தில் இடம்தான் பேசுகிறது. அங்கே 0 இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்தது நிறம். கடற்கரை உள்ள மாவட்டங்கள், இல்லாத மாவட்டங்கள் என இரண்டாகப் பிரிப்போம். பல அட்டவணைச் செயலிகளில் 'இந்த நெடுவரிசைப்படி நிறம் கொடு' என்ற நேரடி வசதி கிடையாது. ஒரு சிறு உத்தி உண்டு. முதல் நெடுவரிசையில் எல்லா மாவட்டங்களின் எழுத்தறிவையும் இடவும். இரண்டாவதில் கடற்கரை மாவட்டங்களின் பாலின விகிதத்தை மட்டும் இடவும். மற்றவற்றின் கட்டங்களைக் காலியாக விடவும். மூன்றாவதில் மற்ற மாவட்டங்களின் பாலின விகிதத்தை இடவும். மூன்றையும் தேர்ந்து சிதறல் வரைபடம் கேட்டால், இரண்டு தரவுத் தொடர்களாக, இரண்டு நிறங்களில் புள்ளிகள் வரும். காலிக் கட்டத்தில் 0 என்று நிரப்பிவிடக் கூடாது. நிரப்பினால் அந்தப் புள்ளிகள் அடியில் போய் விழும்.

மக்கள்தொகையையும் சேர்க்க வேண்டுமானால் குமிழி வரைபடத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு தொடருக்கும் மூன்று நெடுவரிசைகள் தேவை. எது கிடைமட்டம், எது செங்குத்து, எது குமிழியின் அளவு என்பதைத் தரவுத் தொடர் பகுதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கூகுள் ஷீட்ஸில் வேலை இன்னும் எளிது: பெயர், கிடைமட்டம், செங்குத்து, வகை, அளவு என்ற வரிசையில் ஐந்து நெடுவரிசைகளைக் கொடுத்தால் நிறத்தை அதுவே பிரித்துக்கொள்ளும். பெரிய குமிழி சிறியதை மறைக்காமலிருக்க, மேலே நான் கொடுத்திருப்பதுபோல் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவதும், நிறத்தைச் சற்று ஒளிபுகும்படி வைப்பதும் நல்லது.

குமிழியின் அளவில்தான் நல்ல கணிதம் இருக்கிறது. சேலத்தின் மக்கள்தொகை நீலகிரியைப் போல் ஏறத்தாழ 4.7 மடங்கு. விட்டத்தை 4.7 மடங்காக வரைந்தால் பரப்பு 22 மடங்காகிவிடும். கண் பார்ப்பது பரப்பைத்தான். ஆகவே 4.7-இன் வர்க்கமூலமான 2.17 மடங்குதான் ஆரம் இருக்க வேண்டும். எக்செல் செயலியில் குமிழியின் அளவு பரப்பைக் குறிக்க வேண்டுமா, அகலத்தைக் குறிக்க வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதில் பரப்பு என்பதே இருக்கட்டும். வரைபடத்தாளில் கையால் வரையும் வகுப்பில் நீலகிரிக்கு 10 மி.மீ. ஆரம் என்று தொடங்கினால், தருமபுரிக்கு 14, சேலத்துக்கு 22, சென்னைக்கு 25 மி.மீ. வரும். வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

படம் என்ன சொல்கிறது? எழுத்தறிவை மட்டும் பார்த்தால் சேலமும் விழுப்புரமும் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள்: 73, 72. பாலின விகிதத்தைச் சேர்த்ததும் இரண்டுக்கும் இடையே 33 புள்ளி இடைவெளி தெரிகிறது. சேலமும் தருமபுரியும் கீழே ஒன்றாக நிற்கின்றன. மலை மாவட்டமான நீலகிரி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. மலை என்றாலே பின்தங்கியது என்ற நினைப்பு இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஏன் என்று மாணவர்களைப் பேச விடலாம். வரைபடம் காரணத்தைச் சொல்லாது, கேள்வியை மட்டும் எழுப்பும்.

இந்தப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார்: "டீச்சர், இதுல எங்க ஊரு எங்க இருக்கு?" கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2011-இல் அது விழுப்புரத்தின் பகுதி. மரக்காணம் கடற்கரை முதல் வெள்ளிமலை வரை, அலையும் மலையும் அந்த ஒரே குமிழிக்குள் அடங்கிவிட்டன. அதற்கு நாம் 'கடற்கரை மாவட்டம்' என்று நிறமும் கொடுத்துவிட்டோம்! கடலையே பார்த்திராத வெள்ளிமலைக் குழந்தையும் அந்த நிறத்துக்குள்தான் இருக்கிறார். குமிழி என்பது சராசரி. எத்தனை மாறிகளைச் சேர்த்தாலும், எந்த அலகை எடுத்துக்கொண்டோமோ அதற்குள் இருக்கும் வேறுபாட்டைப் படம் காட்டாது.

காலத்தைச் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். 2001 புள்ளியையும் 2011 புள்ளியையும் கோட்டால் இணைத்தால் வளர்ச்சி தெரியும் என்று தோன்றும். தருமபுரிக்கு அப்படி இணைக்க முடியாது. 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்துவிட்டது. பெயர் ஒன்று, நிலப்பரப்பு வேறு. 2027 கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி முதன்முறையாகத் தனிக் குமிழியாக வரும். (கணக்கெடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நாம்தான் என்பது வேறு செய்தி.) அப்போதும் கல்வராயன்மலை வட்டத்தைத் தனியே எடுத்து வரைந்தால்தான் அந்த மாணவியின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

எட்டுப் பிள்ளைகள்

இனி பள்ளிக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக நானே அமைத்தவை. எந்தக் குழந்தையின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. வரிசை: வருகை விழுக்காடு, தேர்வு மதிப்பெண், பள்ளிக்கு நடக்கும் நிமிடங்கள், ஆண்டின் ஒரு பகுதியில் குடும்பத்துடன் வெளியூர் வேலைக்குச் செல்வது உண்டா என்பது.

க: 95, 78, 10, இல்லை
ச: 92, 70, 15, இல்லை
ட: 90, 41, 60, இல்லை
த: 88, 66, 20, இல்லை
ப: 74, 38, 70, இல்லை
ம: 71, 62, 15, உண்டு
ர: 66, 35, 65, உண்டு
ல: 62, 58, 10, உண்டு

வருகையைக் கிடைமட்டத்திலும் மதிப்பெண்ணைச் செங்குத்திலும் வைத்தால், புள்ளிகள் கொஞ்சம் சிதறினாலும் மொத்தத்தில் வலப்புறம் ஏறுவதுபோல் தெரியும். வராத பிள்ளை படிப்பில் பின்தங்குகிறது என்று சொல்லி முடித்துவிடலாம். 'ட' மட்டும் இடிக்கிறார்: 90 விழுக்காடு வருகை, 41 மதிப்பெண். 'ல' இன்னொரு பக்கம் இடிக்கிறார்: 62 விழுக்காடு வருகை, 58 மதிப்பெண்.

இப்போது நடக்கும் நிமிடங்களைக் குமிழியின் அளவாக்குங்கள். பெரிய குமிழிகள் மூன்றும் (ட, ப, ர) கீழே ஒரே மட்டத்தில், இடமிருந்து வலமாகப் பரவி நிற்கும். மூவரின் வருகை 66, 74, 90 என வேறு வேறு. மதிப்பெண் 35, 38, 41. சிறிய குமிழிகள் ஐந்தும் மேலே. பிறகு வெளியூர் வேலையை வடிவத்தால் காட்டுங்கள். 'உண்டு' என்ற மூவரும் இடப்பக்கம், அதாவது வருகை குறைந்த பக்கம், தெரிவார்கள். ஒரே கோடாகத் தோன்றிய செய்தி இரண்டாகப் பிரிந்துவிட்டது. வருகையைக் குறைப்பதில் வெளியூர் வேலைக்குப் பங்கு இருக்கிறது. மதிப்பெண்ணோடு நெருங்கி நிற்பது நடைத்தூரம். 'ர' என்ற குழந்தைக்கு இரண்டும் உண்டு.

இரண்டுக்கும் பள்ளி செய்ய வேண்டிய வேலை ஒன்றன்று. ஒரு மணி நேரம் நடந்து வரும் பிள்ளைக்குத் தேவை போக்குவரத்து வசதி, வழித்துணை அல்லது உண்டு உறைவிடப் பள்ளியில் ஓர் இடம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. கேட்டு எழுதும்போது எந்தக் குடியிருப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை நிமிடம் என்று சொல்ல வேண்டியிருக்கும். குடும்பத்தோடு வெளியூர் செல்லும் பிள்ளைக்குத் தேவை பருவகால விடுதி, அல்லது சென்ற இடத்துப் பள்ளியில் சேர்க்கை, திரும்பியதும் விட்ட பாடங்களுக்கு இணைப்பு. "தவறாமல் அனுப்புங்கள்" என்று பெற்றோரிடம் சொல்வது இரண்டில் எதற்கும் போதாது. 'ட' வீட்டில் அதைச் சொன்னால் நம்மைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள். பிள்ளை தவறாமல்தானே வருகிறது.

உண்மைத் தரவு இவ்வளவு துப்புரவாக இருக்காது. எட்டுப் பேரை வைத்து எதையும் நிறுவவும் முடியாது. இரண்டு மாறிகள் சேர்ந்து நகர்வதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதை உயர்நிலை வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாமல் நிமிடத்தில் எழுதியதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டுக் கட்டாயக் கல்வி உரிமை விதிகள் தொடக்கப்பள்ளிக்கு 1 கி.மீ., நடுநிலை வகுப்புகளுக்கு 3 கி.மீ. என்று தொலைவைக் குறிக்கின்றன. சமவெளியில் 3 கி.மீ. என்பது மிதிவண்டியில் கால் மணி நேரம். மலையில் அதே 3 கி.மீ. ஓர் ஓடையையும் ஓர் ஏற்றத்தையும் தாண்டி வருவது. மழைக்காலத்தில் இன்னும் அதிகம். எந்த அலகில் அளக்கிறோம் என்பதே பாதித் தீர்ப்பு.

அச்சிடும் முன்

முப்பரிமாணப் பட்டைகளை அட்டவணைச் செயலி ஆசையோடு நீட்டும். வேண்டாம். கேக் வெட்டியதுபோல் சாய்ந்து நிற்கும் வட்டத்தில் முன்னால் உள்ள துண்டு பெரிதாகவும் பின்னால் உள்ளது சிறிதாகவும் தெரியும். புதிதாக ஒரு மாறிகூட அதில் சேராது. இடப்பக்கம் ஓர் அளவுகோல், வலப்பக்கம் வேறோர் அளவுகோல் என்று இரட்டைச் செங்குத்து அச்சு வைப்பதிலும் எனக்கு உடன்பாடு குறைவு. அளவுகோலைச் சற்று நீட்டினாலோ சுருக்கினாலோ இரண்டு கோடுகளை நாம் விரும்பிய இடத்தில் சந்திக்க வைத்துவிடலாம்.

நம் வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் கறுப்பு வெள்ளையில்தான் நகலெடுக்கப்படுகின்றன. திரையில் சிவப்பும் பச்சையுமாக இருந்தவை நகலில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவர்களுக்குத் திரையிலேயே அப்படித்தான் தெரியும். வகையை நிறத்தால் மட்டும் காட்டாமல் வடிவத்தாலும் காட்டினால் இருவருக்கும் உதவும். குமிழி வரைபடத்தில் வடிவத்தை மாற்ற வசதி இல்லாதபோது, ஒரு வகையை நிரப்பிய வட்டமாகவும் மற்றதை வெற்று வட்டமாகவும் வைக்கலாம்.

பெயர் வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஒரு குடியிருப்பிலிருந்து இரண்டே பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் குடியிருப்பின் பெயரே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் படம் தலைமையாசிரியர் அறையைத் தாண்டக் கூடாது. கூட்டத்தில் வைப்பதற்குச் சிறு குடியிருப்புகளை ஒன்றுசேர்த்துவிட வேண்டும்.

அட்டவணையே படமாக

மாறிகள் ஐந்தைத் தாண்டினால் குமிழி திணறும். அப்போது ஒரே படத்தில் எல்லாவற்றையும் திணிப்பதை விட்டுவிட்டு, ஒரே அளவுகோல் கொண்ட சிறு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வைக்கலாம். குடியிருப்புக்கு ஒரு சிறு கோட்டு வரைபடம். எல்லாவற்றுக்கும் அதே மாதங்கள், அதே 0 முதல் 100 வரை. ஒன்றைப் படிக்கக் கற்றுக்கொண்டவர் மற்ற எல்லாவற்றையும் படித்துவிடுவார்.

இன்னும் எளிய வழி ஒன்றை நான் அதிகம் பயன்படுத்துகிறேன். கிடைவரிசைக்கு ஒரு குடியிருப்புத் தொகுதி, நெடுவரிசைக்கு ஒரு மாதம், கட்டத்தில் அந்த மாத வருகை விழுக்காடு. பிறகு நிபந்தனை வடிவமைப்பில் நிற அளவுகோலைத் தேர்ந்து, குறைந்த வருகைக்கு அடர் சாம்பல், நிறைந்த வருகைக்கு வெள்ளை என்று கொடுத்தால் முடிந்தது. எண்கள் அப்படியே இருக்கும். மேலே நிழல் விழும். எமிஸ் பதிவிலிருந்து ஓராண்டு வருகையை இப்படி மாற்ற ஒரு பிற்பகல் போதும். கிடைவரிசைகளை அகர வரிசையில் வைக்காமல் நடக்கும் நிமிடங்களின்படி அடுக்குங்கள். வரிசைமுறையும் ஒரு மாறிதான். பலரும் அதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். மேலே பள்ளிக்கு அருகிலுள்ளவை, கீழே தொலைவிலுள்ளவை என்று அமைத்ததும், தொலைவால் வரும் நிழல் அடிப்பக்கம் முழுவதும் மெலிதாகவும், குறிப்பிட்ட சில மாதங்களில் வரும் நிழல் மேலிருந்து கீழாகக் கோடுபோலவும் தனித்தனியே தெரிகின்றன.

அப்படி ஒரு தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்தோம். அச்சு, விழுக்காடு எதையும் விளக்கத் தொடங்கவில்லை. மலையிலிருந்து வந்திருந்த ஒரு தாய் கறுத்துக் கிடந்த இரண்டு நெடுவரிசைகளின் மேல் விரலை வைத்து, "இது நாங்க மொளகு எடுக்கக் கேரளா போன மாசம் டீச்சர்" என்றார். பக்கத்தில் இருந்தவர், தங்கள் ஊரில் அதற்கு முந்தின மாதமே கிளம்பிவிடுவார்கள் என்றார். எந்த ஊர் எந்த வாரம் கிளம்புகிறது என்பது எங்கள் பதிவேடு எதிலும் இல்லாத தகவல். வரும் ஆண்டுக்கான தாளில் குடியிருப்பின் பெயருக்கு அடுத்து அதற்கென்று ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறோம். டிசம்பர் கூட்டத்தில் பெற்றோரே சொல்லச் சொல்ல அதை நிரப்புவதாக ஏற்பாடு.